ரிவர்ஸ் வராத மாணவன்

ஓட்டுநர் பள்ளியில் அவளுக்குப் பிரேக் அக்கா என்று பெயர். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுவார்கள். அவள் பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. அதை மிதிக்கும்போது மட்டும்தான் அவள் வாய் சும்மா இருக்கும். அவளிடம் திட்டு வாங்காமல் லைசன்ஸ் வாங்கியவர் என்று ஒருவரும் கிடையாது. திட்டு வாங்கியவர்களே பிறகு தங்கள் தங்கையையும் மச்சினியையும் அவளிடம் அனுப்பி வைத்தார்கள், அது வேறு விஷயம்.

எத்தனை காலம்தான் அடுத்தவர் வண்டியில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவது? சொந்தமாக ஒரு வண்டி வாங்கி, அதன் தலையில் தன் போர்டை மாட்ட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. பழைய வண்டியொன்றைப் பார்த்தும் வைத்துவிட்டாள். விற்கிறவர் மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொன்னார். வங்கியில் கடனுக்கு எழுதிக் கொடுத்தாள். கடன் பிரிவில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையே சரியில்லை.

"உங்க பேர்ல ஏற்கெனவே பாக்கி நிக்குதும்மா. பொருள் வாங்கிட்டு கட்டலைன்னு காட்டுது. இதை வெச்சுக்கிட்டு நாங்க எதுவும் பண்ண முடியாது."

அவள் கடைத்தெருவில் ஒரு பாக்கெட் ஊசிகூடக் கடன் சொல்லி வாங்கியவள் இல்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வெளியே வந்து, பாக்கி காட்டிய, ஃபோன் வழியாகச் சாமான் விற்கும் கம்பெனியைக் கூப்பிட்டாள். பாட்டைப் போட்டுக் காதைக் குடைந்தபிறகு ஒரு பையன் தேன் ஒழுகப் பேசினான். அவள் கணக்கில் யாரோ புது பாஸ்வேர்டு போட்டிருக்கிறார்கள். தகவல் போகும் நம்பரை மாற்றியிருக்கிறார்கள். 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்ற திட்டத்தில் சேர்ந்து வீடு கொள்ளாத அளவுக்குச் சாமான் வாங்கியிருக்கிறார்கள். எல்லாம் வீட்டுக்கு வராமல், பார்சல் கடைகளில் போய் ரகசிய எண்ணைக் காட்டி எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. நான் இல்லை தம்பி என்று அவள் தலைகீழாக நின்று பார்த்தாள். பையன் குரல் ஒரு இம்மியும் மாறவில்லை.

"பாஸ்வேர்டு மாத்துறதுக்கான ஓடிபி உங்க ஃபோனுக்குத்தான் வந்திருக்கு மேடம். உங்க அடையாள அட்டை படம்தான் குடுத்திருக்காங்க. நீங்க வாங்கலைன்னா, வேற யார் வாங்கினாங்கன்னு நீங்கதான் நிரூபிக்கணும்."

அன்று மாலை வீட்டுக்காரர் ஒரு ஃபேன் மோட்டாரைப் பிரித்துப்போட்டபடி, கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துத் தொலைத்துவிடலாமே என்றார். அவர் சுபாவம் அப்படி. ஷாக் அடித்தால்கூட "பரவாயில்லை" என்பவர். அடைத்தாலும் கட்டாதவள் என்ற கறை வங்கியில் அப்படியே நிற்குமாம், கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"நான் திங்காத சோத்துக்கு நான் ஏன் கை கழுவணும்? தின்னவன் வாயைப் பிளந்து காட்டுறேன், இருங்க" என்றாள்.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். கணக்கை முடக்கச் சொன்னாள், வங்கிக்கு எழுதிக் கொடுத்தாள், எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினாள். காவல் நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டு, யார் மேல் சந்தேகம் என்று கேட்டார்கள். அதைத்தான் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓடிபியைக் கட்டின புருஷனிடமே சொல்லாதவள் அவள். ஃபோனுக்குக் கைரேகைப் பூட்டு, அதற்கு மேல் விரலால் கோடு இழுத்துத் திறக்கும் பூட்டு. யார் கண்ணில் மண்ணைத் தூவி யார் எடுத்தது?

பாஸ்வேர்டு மாறியது ஒரு வேலை நாள் காலையில் என்று அந்தத் தேன்குரல் பையன் சொல்லியிருந்தான். வேலை நாள் காலையில் அவள் வண்டியில்தான் இருப்பாள். ஃபோன் கண்ணெதிரே, வண்டியின் முன்பலகையில் ஒட்டிய பிடியில் நிற்கும், வழி காட்டிக்கொண்டு. நடுவில் திரை அணைந்தால் வழி தப்புகிறது என்று, அணையவே கூடாது என அவளே அமைத்து வைத்திருந்தாள். கண்ணெதிரே இருப்பதை யார் தொட முடியும் என்று யோசித்தபடி மறுநாள் மருந்துக்கடைக்காரருக்கு ரிவர்ஸ் கிளாஸ் எடுக்கப் போனாள். காலியான மைதானத்தில் இரண்டு கம்புகளை நட்டு, வண்டியை விட்டு இறங்கி, பின்னால் தள்ளி நின்று, "ஸ்டியரிங்கை ஒடிங்க, ஒடிங்க, இன்னும் ஒடிங்க" என்று கத்தும்போதுதான் அது உறைத்தது.

பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுக்க அவள் இறங்கித்தான் ஆக வேண்டும். வண்டியின் பின்பக்கம் எங்கே முடிகிறது என்பது உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குச் சொன்னால் புரியாது. ஆள் நின்று காட்ட வேண்டும். அந்த நேரமெல்லாம் மாணவன் உள்ளே, அவள் வெளியே. பூட்டு மேல் பூட்டுப் போட்ட ஃபோன் திரை அணையாமல் அவன் மூக்குக்கு நேராக நிற்கிறது. அவன் தன் ஃபோனில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று தட்டினால் போதும், ஓடிபி இங்கே வந்து விழும். பார்த்துக்கொண்டு அழித்துவிடலாம். படங்களுக்குள் போனால் அவள் அடையாள அட்டை இருக்கும், லைசன்ஸ் புதுப்பிக்க எடுத்தது. தன் தலையில் மிளகாய் அரைக்கத் தானே அம்மியைக் கழுவி வைத்திருக்கிறாள். முதலில் தன்னை ஒரு பாட்டம் திட்டிக்கொண்டாள். திட்டுவதில் அவள் யாருக்கும் ஓரவஞ்சனை காட்டுவதில்லை.

அந்தச் சமயம் ரிவர்ஸ் படித்துக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் இந்த மருந்துக்கடைக்காரர், சிடுமூஞ்சி, கிளாஸ் ஒரு நிமிடம் குறைந்தாலும் சண்டைக்கு வருவார். இன்னொருத்தி கல்லூரிப் பெண், சிவப்பு விளக்கில் நின்றால் தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்கிறவள். மூன்றாவது ஆளுக்கு அவள் வைத்த பெயர் சாது. முப்பது வயதிருக்கும். அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். வெயிலில் நிற்கிறீர்களே என்று தண்ணீர் பாட்டில் வாங்கி வருவான். மற்றதெல்லாம் நன்றாக ஓட்டுவான், ரிவர்ஸ் மட்டும் சுட்டுப் போட்டாலும் வராது. கம்பை இடிப்பான், கண் கலங்குவான், "இன்னொரு தடவை இறங்கி நின்னு பாருங்கக்கா" என்பான். பாவப்பட்டு அவனுக்கு மட்டும், காலை கிளாஸ் போதாதென்று, தன் சாப்பாட்டு நேரத்திலும் காசு வாங்காமல் கிளாஸ் எடுத்தாள். சந்தேகம் மருந்துக்கடைக்காரர் மேல்தான் போயிற்று. மூஞ்சி அப்படி.

வலை விரிக்க அவளுக்கு ஒரு கூட்டாளி கிடைத்தாள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பார்சல் கடை வைத்திருப்பவள், அவளிடம் திட்டு வாங்கி லைசன்ஸ் எடுத்தவள்தான். விஷயத்தைக் கேட்டதும் பார்சல்காரிக்கு அவளைவிட ஆத்திரம். கம்பெனி அனுப்புகிற மாதிரியே ஒரு செய்தி தயாரானது: நீங்கள் வாங்கிய கேமரா வந்துவிட்டது, பேருந்து நிலையப் பார்சல் கடையில் இந்த எண்ணைக் காட்டி எடுத்துக்கொள்ளவும். கேமராவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வீட்டுக்காரரின் பழைய ஃபோனைத் துடைத்து, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து, வண்டிப் பிடியில் மாட்டினாள். மூன்று பேருக்கும் ரிவர்ஸ் கிளாஸ் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் அந்தச் செய்தியைத் திறந்து படித்து, "பார்சல் வந்திருக்காம், நாளைக்குத்தான் போகணும்" என்று அலுத்துக்கொண்டே இறங்கினாள். அந்த மாலையே பார்சல் கடைக்கு எதிரில் ஓட்டுநர் பள்ளி வண்டியை ஒரு லாரியின் மறைவில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். அடுத்து இருந்த கிளாஸையெல்லாம் ரத்து செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

மருந்துக்கடைக்காரர் வருவார் என்று கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது ஒரு வெள்ளைக் கார். கடை வாசலில் ஒரு வேனுக்கும் சுவருக்கும் நடுவே வண்டி நுழையுமா என்று பயப்படுகிற அளவுக்கு ஒரு சந்துதான் இருந்தது. வெள்ளைக் கார் அதைத் தாண்டிப் போய் நின்றது. பிறகு வெண்ணெயில் இறங்கும் கத்தி போல ஒரே வளைவில் பின்னால் வந்து, வேனையும் உரசாமல் சுவரையும் உரசாமல், நூல் பிடித்தாற்போல் நின்றது. ஓட்டியவன் கண்ணாடியைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. இறங்கியது சாது.

பணம் போனது, பெயர் போனது, வண்டி கைநழுவப் போகிறது, இதெல்லாம் ஒரு பக்கம். இவனுக்காக வெயிலில் கருகி நின்றாளே, சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுத் தொண்டை வற்றக் கத்தினாளே, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எத்தனை முட்டாள்களுக்கு அவள் ரிவர்ஸ் கற்றுக்கொடுத்திருக்கிறாள். தெரிந்துகொண்டே தெரியாததுபோல் கம்பை இடித்தவன் இவன் ஒருத்தன்தான். அவனை அப்படியே மென்று துப்ப வேண்டும் போலிருந்தது. வண்டியைக் கிளப்பிப் போய் அவன் காருக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினாள். பின்னால் கடை, முன்னால் அவள்.

அவன் எண்ணைக் காட்டிக் கேமரா கேட்டதைப் பார்சல்காரி தன் ஃபோனில் படம் பிடித்துவிட்டாள். இல்லாத பார்சலைத் தேடுவதுபோல் அவள் உள்ளே போனதும், அவன் திரும்பினான். வாசலில் பிரேக் அக்கா. முகம் வெளிறியது ஒரு நொடிதான். உடனே பழைய சிரிப்பு வந்துவிட்டது. அக்கா, இங்கேயா, என்று ஆரம்பித்தான். அவள் கத்தவில்லை. அவள் கத்தாததைப் பார்த்துத்தான் அவனுக்கு உதறல் எடுத்தது. கடைக்குள் ஆட்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தி, வண்டியில் உட்கார்ந்து பேசலாம், எதுவானாலும் தீர்த்துக்கொள்ளலாம் என்றான்.

"சரி, ஏறு" என்றாள். பழக்கதோஷம், அவன் நேராக அவள் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தான். அவள் தன் இடத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"எடு. நேரா போ."

அவன் எடுத்தான். போகிற வழியெல்லாம் அவன்தான் பேசினான். தப்புப் பண்ணிட்டேன் என்றான், வீட்டுக் கஷ்டம் என்றான், வாங்கியதற்கெல்லாம் காசு கொடுத்துவிடுகிறேன், மேலேயும் போட்டுக் கொடுக்கிறேன், ஏடிஎம்முக்குப் போகலாம் என்றான். அவள் வழி மட்டும் சொன்னாள். இடப்பக்கம் திரும்பு. கியரைக் குறை. இண்டிகேட்டர் போடு. இத்தனை நாள் கேட்ட குரல் என்பதால் அவன் கையும் காலும் தானாகக் கீழ்ப்படிந்தன. கடைசித் திருப்பத்தில்தான் காவல் நிலையத்துப் போர்டு அவன் கண்ணில் பட்டது. ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தான். அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்கி, வாசலுக்கு நேரே நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின. அவள் குனிந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். அவ்வளவு நாளில் அவளுக்கு வாய்த்த இனிப்பான பிரேக் அதுதான்.

ஆனால் அவன் சாதாரண ஆள் இல்லை. உள்ளே போய் அதிகாரி முன்னால் உட்கார்ந்ததும் அந்தர்பல்டி அடித்தான். பார்சலை வாங்கி வரச் சொல்லி அக்காதான் எண்ணைக் காட்டினாள், உதவி செய்யப் போனவனைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள் என்று கண்ணீர் விட்டான். பழைய சாமான் எதுவும் தனக்குத் தெரியாது என்று கையை விரித்தான். பார்சல்காரியின் படத்தைப் பார்த்த அதிகாரி, இதில் கேமரா கேட்டதுதானே இருக்கிறது, மற்றதற்கு என்ன அத்தாட்சி என்றார். கையும் களவுமாகப் பிடித்தும் களவு கையில் நிற்கவில்லை. இவன் இப்படியே எழுந்து போய்விட்டால், கட்டாதவள் என்ற பெயர் சாகிறவரை தன்னோடுதான் என்று அவளுக்குப் பட்டது.

அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது, ஃபோனில் மனைவியைக் கூப்பிட்டான், தன் யோக்கியதைக்குச் சாட்சி சொல்ல. அவளும் ஓடி வந்தாள். சின்ன உருவம், அலுவலகத்திலிருந்து அப்படியே வந்திருந்தாள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. என் வீட்டுக்காரர் ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டார் சார் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். அதிகாரிக்கு அவசரம். எதற்கும் பார்த்துவிடுகிறேன் என்று, புகாருக்காகக் கம்பெனி அனுப்பியிருந்த சாமான்களின் படங்களை ஃபோனில் தள்ளத் தொடங்கினார். வாஷிங் மெஷின். டிவி. நீல வாரில் வெள்ளிப் பூ வைத்த பெண்கள் செருப்பு.

பிரேக் அக்கா படத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தாள். நீல வார், வெள்ளிப் பூ. நிமிர்ந்தபோது சாது அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். அதிகாரியின் காதில் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணை வெளியே போகச் சொல்லிவிட்டும் சொல்லியிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. அவனுக்கு எங்கே நோகுமோ அங்கே அடிக்க வேண்டும் என்று இருந்தது, அந்த இடம் இப்போது எதிரில் வந்து நிற்கிறது.

"உன் கால்ல போட்டிருக்கிற செருப்பு என் பேர்ல திருடி வாங்கினதும்மா" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி.

அந்தப் பெண் புருஷனைப் பார்த்தாள். போனஸில் வாங்கியதாகச் சொன்னீர்களே என்று கேட்டாள். இந்த மாதிரி செருப்பு ஊரில் ஆயிரம் விற்கிறது என்று அவன் சீறினான். அந்தப் பெண் அதிகாரியிடம் ஃபோனைக் கேட்டு வாங்கி, தானே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். டிவிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. அது அவள் தம்பி புதுவீடு போனபோது, அக்கா வீட்டுச் சீராக எல்லோர் முன்னிலையிலும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தது. பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினாள். இரண்டையும் சேர்த்து அதிகாரியின் மேஜைமேல் வைத்தாள்.

"எழுதிக்கோங்க சார். டிவி என் தம்பி வீட்ல. மத்ததெல்லாம் எங்க வீட்லதான் இருக்கு. பெட்டியெல்லாம் பரண்ல கிடக்கு. பெட்டில வேற ஒரு பொம்பளை பேர் ஒட்டியிருந்தது. யாருன்னு கேட்டேன். ஆபீஸ்ல கூட வேலை செய்யறவங்க, அவங்க பேர்ல வாங்கினா விலை குறையும்னு சொன்னார். நான் நம்பினேன்."

அவன் அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டாள். இதன் நகல் போதும், கம்பெனியும் வங்கியும் வாயைத் திறக்க முடியாது என்றார் அதிகாரி. மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. பிரேக் அக்காவுக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தச் சந்தோஷத்தின் நடுவே ஒரு ஜோடி வெறுங்கால் வாசற்படி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலமாகியும் தார் ரோடு இன்னும் கொதித்தது. அந்தப் பெண் கால் வைப்பதும் எடுப்பதுமாக நடந்தாள்.

பிரேக் அக்கா அவள் பின்னால் ஓடினாள். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். அந்தப் பெண் நிற்காமல் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். மன்னிப்புக் கேட்க இவளுக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் சொன்னதற்கு வருத்தம் இல்லை. திரும்ப அந்த இடத்தில் நிறுத்தினாலும் அதையேதான் சொல்வாள். என்ன செய்வது என்று தெரியாமல் நடுரோட்டில் நின்று, தன் கான்வாஸ் ஷூவைக் கழற்றி அவள் முன்னால் வைத்தாள். வண்டி ஓட்டி ஓட்டி வலது கால் தேய்ந்துபோன ஷூ.

அந்தப் பெண் அதைப் பார்த்தாள், தொடவில்லை.

"இது யார் பேர்ல வாங்கினது?"

"என் பேர்ல. நானே கடைக்குப் போய் வாங்கினது."

அந்தப் பெண் குனிந்து ஷூவைப் போட்டுக்கொண்டாள். பெரிதாக இருந்தது. நாடாவை இழுத்து இறுக்கிக் கட்டினாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்தாள். வந்த பக்கம் போகவில்லை, அம்மா வீட்டுப் பக்கம் போகும் பேருந்து நிற்கிற இடத்துக்குப் போனாள்.

பிரேக் அக்கா நகலை வாங்க வெறுங்காலோடு உள்ளே திரும்பினாள். சாது ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் பார்த்திருந்தான். மனைவி எந்தப் பக்கம் திரும்பினாள் என்பதையும் பார்த்திருந்தான். பிரேக் அக்காவின் காலைப் பார்த்தான், வாய் கோணியது, பிறகு அழ ஆரம்பித்தான். இந்தத் தடவை நிஜமான அழுகை. இத்தனை நாள் பொய் அழுகையைப் பார்த்தவளுக்கு வித்தியாசம் தெரியாதா? அவள் ஒரு நாற்காலியை இழுத்து அவனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவன் அழுது முடிக்கும்வரை பார்க்க வேண்டும். அவளுக்கு வேறு கிளாஸ் எதுவும் இல்லை.